ஹாதர்பெக் நிலையத்தின் கடைசிக் கதவு

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவி மேவிஸ் சக்டன், அடுப்பை ஒட்டிய நாற்காலியில். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற வில்ஃப்ரெட் ஹோராக்ஸ், கவிழ்த்த வாளியின் மேல். செயலாளர் லயனல் ப்ரிஸ்கோ, ஜன்னலோரம், முழங்காலில் எழுதும் அட்டையோடு. தேநீர்ப் பொறுப்பு ஹெட்டி உட்காரவில்லை; கெட்டிலை விட்டு அவள் நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. இடம், ஹாதர்பெக் ரயில் நிலையத்துக்குப் பின்னால் சக்கரமில்லாமல் கிடக்கும் பழைய ரயில் பெட்டி.

பிரச்சினை சின்னதுதான். காத்திருப்பு அறையின் கதவு பாதியில் சிக்கிக்கொள்கிறது. அதைத் தவிர, ஹாதர்பெக்கில் இனிச் செய்ய வேலையே இல்லை.

லயனலுக்குப் பிடிக்காதது அதுதான். கூரை போய்ச் செடி முளைத்துக் கிடந்த நிலையத்தை, செவ்வாயும் வியாழனும் வந்து வந்து, பதினொரு வருஷமாகச் செங்கல் செங்கல்லாக எழுப்பியிருந்தார்கள். வருகிற சனிக்கிழமை, மூடிப்போன இந்தப் பாதையை மீட்கும் தன்னார்வலர்களின் ரயில்வே சங்கத் தலைமையிடத்திலிருந்து மேற்பார்வையாளர் எக்கிள்ஸ் வருகிறார். நிலையம் தயார் என்றால், புதன்கிழமைகளில் ஓடைமேல் பாலம் கட்டும் அவருடைய குழுவும் மிச்ச வேலையை முடித்துவிடும். ஈஸ்டருக்கு நீராவி ரயில் வந்து நிற்கும். தொப்பி வைத்த தலைமையிடத்து ஆட்கள் நிலையத்தை ஏற்றுக்கொள்வார்கள். கட்டியவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

மனைவி மார்ஜரி இறந்துபோனபிறகு லயனலின் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்பது திங்கட்கிழமையின் மிச்சம். அவருக்கு வாரம் என்று ஒன்று இருந்ததே இங்கேதான்.

ஆகவே கதவு சிக்கினால் சிக்கட்டும் என்று நினைத்தார். பழைய மரம், இழைத்தால் பிளந்துவிடும், கோடை வரட்டும் என்று வாதாடினார். வில்ஃப்ரெட் மரத்தைத் தொடவே இல்லை. கீலுக்குள் தன் பழைய பல் கொக்கியை விட்டு, இறுகிப்போன பெயின்ட்டைச் சொத்தை சுரண்டுவதுபோல் சுரண்டி எடுத்தார். கதவு விரல் பட்டால் திறந்தது.

"வலிச்சுதான்னு கதவைக் கேட்டியாப்பா?" என்றாள் ஹெட்டி.

லயனல் அடுத்ததாகச் சுவரின் நிறத்தில் சந்தேகம் கிளப்பினார். ரயில்வே அந்தக் காலத்தில் பூசிய பாலேட்டு நிறம் இன்னும் கொஞ்சம் அழுத்தமானது, எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி பூச வேண்டியிருக்கும் என்றார். மேவிஸ் உடனே அறிவிப்புப் பலகையைக் கழற்றி அதன் பின்னால் சுரண்டிப் பார்த்தாள். நூறு வருஷத்துப் பூச்சு வெளியே வந்தது. புதிய பூச்சுக்கும் அதற்கும் மயிரளவு வித்தியாசம் இல்லை.

"லயனலுக்குக் கண்ணு ரொம்ப நுணுக்கம். அவன் கேட்டதாலதான் இதுக்குச் சாட்சியே கிடைச்சுது" என்று மேவிஸ் சொன்னாள். சொன்ன குரலில் சந்தோஷம் அவ்வளவாக இல்லை. லயனல் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

வியாழக்கிழமை யாரும் வருமுன் போய், தன் கம்பளிச் சட்டையை மடித்துக் காத்திருப்பு அறைப் புகைபோக்கியில் திணித்தார். கணப்பு எப்போதுமே கொஞ்சம் புகையும். இனி நன்றாகப் புகையட்டும். அறை முழுக்கப் புகை நிறைந்ததும் வில்ஃப்ரெட் நீளக் கழியை விட்டுக் குத்தினார். சட்டை விழுந்தது. அதன் பின்னாலேயே, இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் உள்ளே இருந்த காக்கைக்கூடு ஒன்று முழுசாக விழுந்தது. அதன்பிறகு கணப்பு துளிப் புகையில்லாமல் எரிந்தது.

"இது உன்னுதுதானே, லயனல்?" என்று வில்ஃப்ரெட் சட்டையை நீட்டினார்.

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்."

"பொத்தானெல்லாம் போட்டு மடிச்சு வச்சிருக்கே. நல்ல குடும்பத்துக் காக்கா" என்றாள் ஹெட்டி.

சனிக்கிழமை எக்கிள்ஸ் வந்தார். இப்படிப்பட்ட மனிதரை லயனல் பார்த்ததில்லை. கதவை இருபது தடவை திறந்து மூடினார். நடைமேடையில் குப்புறப் படுத்து விளிம்பை ஒரு கண்ணால் பார்த்தார். கணப்பின் முன்னால் மண்டியிட்டு இருமல் வருகிறதா என்று காத்திருந்தார், வரவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்தபின், "இதுவும் சரியா இருக்கு" என்று துக்க வீட்டில் சொல்வதுபோல் சொன்னார். எவ்வளவு கண்டிப்பு என்று லயனல் பயந்தார்.

கடைசியில் எல்லாரும் ரயில் பெட்டிக்குள் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நிலையம் தயார் என்று சங்கத்துக்குச் செயலாளர் கடிதம் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும். ஹெட்டி இஞ்சிக் கேக்கை வெட்டி வைத்தாள். யாரும் தொடவில்லை.

லயனல் தேதி எழுதினார். விலாசம் எழுதினார். பிறகு பேனா நின்றது. மிச்சமிருந்த ஒரே ஒரு குறை அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால், அன்று அப்படிச் செய்யச் சொன்ன மேவிஸுக்குத்தான் அவமானம்.

"கழிப்பறைச் சுவர்" என்று மெல்ல ஆரம்பித்தார். "பழைய நிலையம் மாதிரியே சுண்ணாம்புக் காரையிலதான் கட்டியிருக்கணும். அந்த வருஷம் பனி விடல, சுண்ணாம்பு இறுகல. அவசரத்துக்கு சிமென்ட் வச்சு கட்டிட்டோம். இடிச்சுத்தான் கட்டணும். ரெண்டு வருஷம் ஆகும்."

மேவிஸ் கோபிக்கப்போகிறாள் என்று அவர் தலையைக் குனிந்தார்.

"எழுதுறதுன்னா முழுசா எழுது. விளக்கு அறையும் சிமென்ட்தான்" என்றாள் மேவிஸ்.

"அஸ்திவாரத்தை விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு, வில்ஃப்ரெட் வாளியிலிருந்து எழுந்து சம்மட்டி எடுக்கப் போனார். போகும்போது சீட்டியடித்தார்.

லயனல் குழப்பத்தோடே எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கடிதத்தை நீட்டினார். எக்கிள்ஸ் இரண்டு தடவை படித்தார். பேனாவை வாங்கி, இரண்டு வருஷம் என்றிருந்ததை அடித்து நான்கு என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார். நடைமேடைக் கோடியில் நின்ற சிவப்புத் தபால்பெட்டிவரை தானே நடந்துபோய் அதில் போட்டார். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினார். பின்னாலேயே ஓடிவந்த லயனலுக்கு மூச்சு வாங்கியது.

"கோபம் ஒண்ணும் இல்லையே, மிஸ்டர் எக்கிள்ஸ்?"

"என்ன கோபம், ப்ரிஸ்கோ? நீங்க நிலையத்தை முடிச்சுட்டா நாங்க பாலத்தை முடிச்சாகணும். அப்புறம் புதன்கிழமை ஆனா நான் எங்கய்யா போறது?"