பல்லுப்பிடி கப்பலில் வரவில்லை

உடப்புசல்லாவை,
19 ஜனவரி 1961.

என் அன்பு மகன் றோலண்டுக்கு, உன் பெரியம்மா நெற்றியில் சிலுவை வரைந்து எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அட்டன் குளிரில் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நீ நடத்தும் பங்கு மலரை நான் கோயில் வாசலில் கிழித்தெறிந்தேன் என்று உபதேசியார் மனைவி மார்கிரட் சொல்லித் திரிகிறாளாம். நான் எதையும் கிழிக்கவில்லை. வீட்டில் மேசைமேல் வைத்து, கத்தரிக்கோலால், ஓரம் கோணாமல் வெட்டினேன். வெட்டிய துண்டு இத்துடன் வருகிறது. ஏழாம் பக்கம், உன் கட்டுரை.

"பல்லில் ஒட்டி, மென்றாலும் விடாத எதையும் தோட்டத்து மக்கள் பல்லுப்பிடி என்பர். நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த பழஞ்சொல் இது" என்று எழுதியிருக்கிறாய். முதல் வரி சரி. தேங்காய்ப்பாலும் வெல்லமும் கிண்டிய தொதலும் பல்லுப்பிடி, டொபியும் பல்லுப்பிடி, மழைநாளில் சப்பாத்தை விடாத ரோட்டுச் சேறுகூட இங்கே பல்லுப்பிடிதான். இரண்டாவது வரி தவறு. அந்தச் சொல் கப்பலில் வரவில்லை. 1922ஆம் ஆண்டு நத்தாரன்று, கிறிஸ்து பிறந்த நாளில், என் வீட்டுக் கூடத்தில், உன் பெரியப்பா வாயிலிருந்து வந்தது.

பூசை முடிந்ததும் இதைத்தான் மார்கிரட்டிடம் சொன்னேன். "அப்படியா அக்கா! எதத் தின்னுட்டு அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டாள். சுற்றிலும் இருபது பேர். மற்றவர்கள் அனுப்பும் நத்தார் பலகாரத்தில் பதம் தப்பியிருந்தால் குறிப்பெழுதித் தட்டைத் திருப்பி அனுப்புகிறவள் நான். என் தொதலைத் தின்றுதான் சொன்னார் என்று எப்படிச் சொல்வேன்? "அது பழைய கதை" என்று வேகமாக இறங்கினேன், படி வழுக்கியது, மலர் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது, குனிந்து எடுத்தேன். கிழித்த கதை பிறந்தது அங்கேதான்.

எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் என் சமையலறையில் கூடமாட இருந்த ராக்காயியைத் தேடித் தொழிலாளர் லயத்துக்குப் போனேன். அந்தச் சொல்லை முதலில் சொன்னது யார் என்று மட்டும் கேட்டேன். அவளுக்கு இப்போது காது மந்தம், அதனால் குரல் பெரிது.

"ஐயாதானே சொன்னாரு! ஏன் அம்மா, மறந்துட்டீங்களா? பன்னெண்டு மணிக்குப் பெக்டரி சங்கு ஊதுச்சு. கரண்டியச் சட்டியிலயே போட்டுட்டு முட்டிக்கால் போட்டீங்க. நான் தண்ணிக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், அடிப்புடிச்சுப் பொகையுது!"

லயம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. "ஐயா பாவம்ங்க. வாயே தொறக்க முடியல. ஆனா போதும்னு ஒரு வார்த்த சொல்லல."

அவள் சொன்னது உண்மை. கன்னியர் மடத்தில் எங்களை வளர்த்த முறை அது. நண்பகல் மணி அடித்தால் கையில் எது இருந்தாலும் விட்டுவிட்டு முழந்தாளிட்டுத் திரிகாலச் செபம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கோயில் மணி இல்லை, பெக்டரிச் சங்குதான் எனக்கு மணி. ஆனால் தொதல் கிண்டுகிறவள் கையை எடுக்கக் கூடாது. புகையைக் கண்டு பயந்து, எண்ணெய் பிரியும் முன்பே இறக்கிவிட்டேன். மறுநாள் விருந்துக்கு வந்த தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவும் மனைவியும் ஆளுக்கொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு பேச முடியாமல் இருந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் அழத் தயாராக நின்றேன். உன் பெரியப்பா வெகுநேரம் மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தார். "இது தொதல் இல்ல, பல்லுப்பிடி! எனக்கு இன்னும் ரெண்டு வையி. டிஸ்பென்சர் பல்லு, தாங்கும்." எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அதன்பிறகு பல்வலி என்று மருந்துச்சாலைக்கு வந்த பிள்ளைகளையெல்லாம் "பல்லுப்பிடி தின்னியா?" என்று கேட்பார். சொல் அப்படித்தான் மலை மலையாகப் போனது. நான் பதம் கற்றுக்கொண்ட பிறகும், "எனக்கு ஒரு தட்டு முன்னாலேயே எடுத்துரு, பல்லுப்பிடிதான் வேணும்" என்பார். இருபத்தாறு நத்தார் அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

அவர் மருந்து கொடுத்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. கல்லறையில் பெயரைப் பாசி மூடுகிறது. ஊரார் வாயில் அவர் விட்டுப்போனது இந்த ஒரு சொல்தான், மகனே. அதையும் கப்பலுக்குக் கொடுத்துவிட்டாயே.

அடுத்த மலரில் திருத்தம் போடு. தொதல் கெட்டதற்குக் காரணம் என் செபம் என்றும் போட்டுக்கொள். பக்தியால் கெட்டதில் வெட்கமில்லை. அவர் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எழுதலாம் அல்லவா? லியனார்ட்.

உன் வீட்டில் விளக்கும் செபமும் குறையாதிருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
இராசம்மா

பி.கு.: திரிகாலச் செபம் சொல்ல மூன்று நிமிடம் போதும். மூன்று நிமிடத்தில் அவ்வளவு அடிப்பிடிக்காது. செபம் முடிந்து எழுந்தபோது, அவர் சாப்பாட்டுக்கு மேடேறி வருவது ஜன்னலில் தெரிந்தது. கல்யாணமாகி ஏழு வாரம். அவர் வாசலுக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஜன்னலில் என்னைக் கண்டவர் அவர் ஒருவர்தான். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே செபம் என்று போடாதே. ஜன்னல் என்றும் போடாதே. அடிப்பிடித்தது என்று மட்டும் போடு. போடுவாயா மாட்டாயா என்று எனக்குக் கடிதம் எழுது.