நாலாம் சடங்குக்கு நான் மீன் பிடித்த கதை

எங்கள் குடும்பத்தில் எந்த விருந்தென்றாலும், சாப்பாடு முடிந்து ஆட்கள் கதிரையில் சாயத் தொடங்கியதும், யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுப்பார். எடுப்பவர் யாராக இருந்தாலும் அதில் கோமாளி நான்தான். ஆளாளுக்கு உப்புப் புளி சேர்த்து, இப்போது அது எனக்கே அடையாளம் தெரியாத கதையாகிவிட்டது. ஆகவே நானே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இது மன்னிப்புக் கடிதம் இல்லை. அன்று நான் போட்ட திட்டத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. (அம்மா இதை வாசித்தால் வேறு மாதிரிச் சொல்லுவா. அவ தனியாக எழுதட்டும்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில், இரண்டு அறை அப்பாட்மென்றில் நாங்கள் மூன்று பேர்: அம்மா, தங்கச்சி சுகந்தி, நான். அப்பா இல்லை. அந்த மே மாதம் சுகந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு வெகு முன்னமே கனடா வந்தவர்கள். ரூஜ் பக்கம் புதுவீடு, இரண்டு கார் விடுகிற கராஜ். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே மாப்பிள்ளையின் தாயார், நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவ, எங்கள் எலிவேற்றரின் மணத்தைப் பற்றி மூன்று தரம் கதைத்தா. மாப்பிள்ளையின் தமையன் தவம் அண்ணை ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "வியூ நல்லாத்தான் கிடக்கு. காரை எங்கை தம்பி விடுறனீர்?" என்று கேட்டார். எங்களிடம் கார் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு அன்றைக்கே ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டது. என் தங்கச்சியை அந்த வீட்டில் ஒருவரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. வேறு எதுவும் எனக்கு முக்கியமில்லை. ஆனால் அதை எப்படிச் செய்வது என்று யோசித்தபோது என் மூளைக்கு எட்டியது மீன் மட்டும்தான்.

நாலாம் சடங்கு என்றால், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மச்சம் சமைத்து, இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக இருந்து சாப்பிடும் நாள். அதுவரை வீட்டில் மரக்கறிதான். எல்லோருக்கும் ஷிப்ட் வேலை என்பதால் எங்கள் நாலாம் சடங்கு ஏழாம் நாள், சனிக்கிழமைதான் வந்தது. கல்யாண மண்டபத்திலேயே தவம் அண்ணை தொடங்கிவிட்டார்.

"சனிக்கிழமை என்ன மீன் தம்பி? உந்த ஃபுரோசன் மீன் எங்கடை அம்மாவுக்குச் செமிக்காது."

சுற்றிவரப் பத்துப் பேர் நின்றார்கள். நான் பட்டு வேட்டியில் இருந்தேன். பட்டு வேட்டி கட்டியவனுக்கு நிதானம் மட்டு.

"ஃபுரோசனோ? நான் ஏரிக்குப் போய் என்ரை கையாலை பிடிச்சுக் கொண்டு வாறன். வோலாய் மீன்."

"வழியிலை கடையிலை வாங்கிப் போட்டுப் பிடிச்சதெண்டு சொல்லுவீர். நானும் வாறன். என்ரை வான் கிடக்கு, அதிலையே போவம்" என்றார் தவம் அண்ணை.

அதுவரை என் வாழ்நாளில் நான் பிடித்த மீன்கள் இரண்டு. அந்த இரண்டையும் உண்மையில் பிடித்தவன் றொன்.

றொன் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன். வோலாயைப் பற்றி அவன் சொல்லித் தந்ததை நான் வேதம்போல் பாடமாக்கியிருந்தேன். பெரிய கண்ணாடிக் கண் உள்ள மீன்; அந்தக் கண்ணுக்கு வெயில் ஆகாது. பனி உருகி, முட்டையிட்டு முடித்த கையோடு கரையோரக் கல்லுகளுக்குப் பக்கத்திலேயே பசியோடு திரியும். மே, ஜூனில் விடியற்காலையும் பொழுதுபடுகிற நேரமும்தான் சாப்பாட்டு நேரம். வானம் மூடி, தண்ணீரில் சின்ன அலை அடித்தால் இன்னும் நல்லது. வெயில் ஏறிவிட்டால் ஆழத்துக்குப் போய்விடும், பிறகு என்ன செய்தாலும் வராது. முக்கியமாக, அந்தக் காலத்தில் அது விரும்பிச் சாப்பிடுவது அட்டை. ஆம், சேற்றுத் தண்ணீரில் நெளியும் அட்டைதான். றொன் எனக்கு மூன்று டசின் அட்டை கொண்டுவந்து தந்தான். ஏரிக்கரையில் இருந்த தன் கொட்டேஜையும் அங்கே கட்டியிருந்த தகர வள்ளத்தையும் எடுக்கச் சொன்னான். "அட்டையைக் குளிரில் வை" என்றான்.

கல்யாணக் கும்பம் இன்னும் எடுக்காத வீடு. ஆறு நாளாக வெங்காயத்தைக்கூட யோசித்து வெட்டுகிற அம்மா. அந்த வீட்டின் ஃபிரிட்ஜில் அட்டை இருக்கிறது என்று தெரிந்தால், அம்மா என்னையும் அட்டையையும் பல்கனியால் அனுப்பியிருப்பா. ஆகவே ஒரு பச்சை மூடி யோகட் பேணிக்குள் அவற்றை விட்டு, இரண்டாம் தட்டில் பின்பக்கமாக ஒளித்து வைத்தேன். எங்கள் ஃபிரிட்ஜில் யோகட் பேணிக்குள் யோகட் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒன்றில் சம்பல் இருக்கும், ஒன்றில் பருப்பு இருக்கும். இன்னொரு பேணிக்குள் என்ன என்று யார் கேட்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை நான் படுத்த பிறகு, அடுத்த நாள் வைக்கிற பால்கறிக்காக அம்மா கத்தரிக்காயை நீள நீளமாக வெட்டிக் கறுக்கப் பொரித்து, இன்னொரு பச்சை மூடி யோகட் பேணிக்குள் போட்டு, என் பேணியைப் பின்னுக்குத் தள்ளி முன்னுக்கு வைத்திருக்கிறா. (திட்டத்தில் பிழை இல்லை என்று நான் சொன்னது இதனால்தான்.)

விடியுமுன் லைற்றும் போடாமல் பேணியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தவம் அண்ணை தன் வானுக்குள் ஏறியதிலிருந்து இறங்கும்வரை தன் வீட்டு பேஸ்மென்ற் முடித்த கதையைச் சொன்னார். ஏரிக்குப் போனபோது வானம் சாம்பலாக மூடியிருந்தது. சின்ன அலை. றொன் சொன்ன அதே காலநிலை. எனக்குப் புல்லரித்தது. வள்ளத்தைக் கல்லுக் கரைக்குத் தள்ளிப்போய் நிறுத்தி, தவம் அண்ணைக்கு வகுப்பு எடுத்தபடி பேணியைத் திறந்தேன். அரை வெளிச்சத்தில் கறுப்பாக, நீளமாக, மினுமினுப்பாக ஒன்றை எடுத்து, ஈயத்தலைத் தூண்டிலில் பக்குவமாகக் குத்தினேன்.

"அண்ணை, பாத்தீங்களோ, அசையாமல் கிடக்குது. குளிருக்கு மயங்கிப் போச்சு."

தவம் அண்ணை பேணிக்குள் மூக்கை விட்டார். பிறகு, அந்த மனிதனின் துணிவை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன், ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

"கத்தரிக்காய்" என்றார். "உப்புக் காணாது."

சிரிப்பு வந்தது. ஒரு நிமிடம்தான் சிரித்தோம். கத்தரிக்காய் வள்ளத்தில் இருந்தால் அட்டை எங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"தம்பி, வள்ளத்தைத் திருப்பும். போன் எடுப்பம்."

கொட்டேஜில் போன் இல்லை. சந்தியில் உள்ள காஸ் ஸ்ரேஷனுக்குத்தான் போக வேண்டும். போய்விட்டு வந்தால் வெயில் ஏறிவிடும், மீன் இறங்கிவிடும். அம்மா எட்டு மணிக்கு முன் அடுப்பு மூட்டுவதில்லை. பத்துப் பேருக்கு முன்னால் சொன்ன சொல் இருக்கிறது. "அரை மணித்தியாலம் அண்ணை" என்று சொல்லி, கத்தரிக்காயோடு தூண்டிலை எறிந்தேன். இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன்.

முதல் துண்டு கரைந்து போனது. இரண்டாவது கழன்று போனது. ஏரியில் எண்ணெய் மிதந்தது. நாலாவது துண்டைக் கல்லுக்குள்ளால் மெல்ல இழுத்து வரும்போது நூல் கனத்தது. வெட்டி இழுக்கவில்லை, துள்ளவில்லை. நனைந்த துணி கொளுவியதுபோல் ஒரு கனம், அவ்வளவுதான். வோலாய் அப்படித்தான் பிடிக்கும் என்று றொன் சொல்லியிருந்தான். தடியைத் தூக்கினேன். உயிர் வந்தது. தவம் அண்ணை வலைக்குப் பதில் தன் ஜக்கெற்றையே தண்ணீருக்குள் விட்டு அள்ளினார். பொன்னிறமாக, வெள்ளி நாணயம் போன்ற கண்ணோடு, முழங்கை நீளத்துக்கு வோலாய். கத்தரிக்காயில்!

"சத்தியமா ஆரும் நம்பாயினம்" என்றார் தவம் அண்ணை. அவர் சொன்னதில் அது ஒன்று பலித்தது.

பிறகு வெயில் வந்தது. மீன் வரவில்லை. காஸ் ஸ்ரேஷனுக்குப் பறந்து, வெளியே இருந்த பேஃபோனில் வீட்டுக்கு அடித்தேன். எங்கேஜ்ட். கல்யாண வாழ்த்துச் சொல்ல லண்டனும் பாரிசும் வரிசையில் நின்றன. ஏழாவது தரம்தான் அம்மா எடுத்தா.

"அம்மா, ஃபிரிட்ஜிலை பச்சை மூடிப் பேணி, அதைத் திறக்காதேங்கோ!"

"எந்தப் பேணி? பால்கறிக்கு ஒண்டை மாமி இப்பதான் எடுத்தவா. பாவம், உதவி செய்ய வெள்ளெனவே வந்திட்டா. பொறு..."

அம்மா பொறுக்கச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பதினேழு மாடிக்கும் கேட்கக்கூடிய ஒரு சத்தம் ரிசீவருக்குள்ளால் வந்தது. அம்மா ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினா. நான் இங்கே சில்லறையைப் போட்டுப் போட்டு, என் தங்கச்சியின் நாலாம் சடங்கை வானொலி நாடகம்போல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஒரு சட்டி விழுந்தது. "கையிலை ஒட்டிக் கிடக்குது, ஐயோ, கையிலை!" என்று மாமி. (அந்த வகை அட்டை மனிதரைக் கடிக்காது. ஒட்டும், அவ்வளவுதான். இதை நான் மாமிக்குப் பலமுறை விளங்கப்படுத்திவிட்டேன்.) "நிலமெல்லாம் போகுது!" என்று இன்னொரு குரல் கீச்சிட்டது. யாரோ பெண்பிள்ளை என்று நினைத்தேன். அது மாப்பிள்ளை. சோபாவுக்கு மேலே ஏறி நின்றிருக்கிறார்.

பிறகு மாமியின் குரல் மாறியது. "ஆர் உதைக் கொண்டந்து வச்சது? உவள்டை தமையன்தானே? மச்சம் படாத வீட்டிலை... உவன் என்ன மனிசன்? உதென்ன குடும்பம்..."

"மாமி." சுகந்தியின் குரல். அவ்வளவு அமைதியாக அவள் கதைத்து நான் கேட்டதில்லை. "கையை ஆட்டாதேங்கோ. கதைக்காமல் நில்லுங்கோ." நான் இன்னும் கொஞ்சச் சில்லறையைப் போட்டேன். "சரி, எடுத்திட்டன். அம்மா, அந்தப் பேணியைத் தாங்கோ. நீங்கள் அங்கை மேலையே நில்லுங்கோ, இறங்க வேண்டாம்." கடைசி வசனம் மாப்பிள்ளைக்கு.

என் சில்லறை முடிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு கழுவி, சாம்பிராணி போட்டிருந்தது. சுகந்தி கூறைச் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, நிலத்தில் குந்தி இருந்து, மூன்று டசினையும் வெறுங்கையால் பொறுக்கிப் பேணிக்குள் போட்டிருக்கிறாள். நான் வோலாயை உயர்த்திப் பிடித்தபடி வாசலில் நின்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. இருபத்தெட்டுப் பேருக்கு ஒரு மீன். அம்மா அதைப் பூப்போல வெட்டிக் குழம்பு வைத்தா. தலைவாசல்வரை வாசம் வந்தது, துண்டுதான் கண்ணில் படவில்லை. "கத்தரிக்காயிலை பிடிச்சவர், நான் கண்ணாலை கண்டனான்" என்று தவம் அண்ணை சத்தியம் பண்ணிச் சொன்னார். எல்லோரும் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவரும் நானும் ஒரே கட்சி.

இதுவரைதான் மற்றவர்கள் சொல்லுகிற கதை. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்லுவதில்லை. அந்த ரூஜ் வீட்டில் அன்று தொட்டு சுகந்திக்கு முன்னால் ஒருவர் குரல் உயர்த்தியது கிடையாது. எலி வந்தாலும் சுகந்தி, வீட்டுக் கடன் புதுப்பித்தாலும் சுகந்தி. மாமி தன் முழங்கால் ஒப்பரேஷனுக்கே, "சுகந்தியைக் கேட்டிட்டுச் சொல்லுறன்" என்று டொக்டரைத் திருப்பி அனுப்பியவ. வருகிறவர்களிடம் எல்லாம், "என்ரை மருமகள் அட்டையை வெறுங்கையாலை பிடிச்சவள்" என்று சொல்லிப் பெருமைப்படுகிறா. அந்த மரியாதையைச் சீதனம் கொடுத்து வாங்க முடியுமா? நான் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

இதையே போன கிழமை அவள் வீட்டு விருந்தில், எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு, குசினிக்குள் அவளிடம் சொன்னேன். "உனக்கு எல்லாம் என்னாலைதான். பிறப்பிலேயே உனக்குப் பயமில்லை, அதை நாலு பேருக்குக் காட்டினது நான்."

சுகந்தி கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆர் சொன்னது பயமில்லையெண்டு? பிறகு மூண்டு நாள் சோத்திலை கை வைக்கேலாமல் கரண்டியாலை சாப்பிட்டனான்."

"பிறகேன் பிடிச்சனி?"

"மாமி உங்களைப் பேசத் தொடங்கினவா, அண்ணா. கேட்டுக்கொண்டு நிக்க ஏலேல்லை."

நான் துடைக்கிற துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த கோப்பை ஒன்றைத் திரும்பத் துடைத்தேன். வெளியே யாரோ, குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகன் ஒருவருக்குக் கதையை முதலிலிருந்து தொடங்குவது கேட்டது. ஐம்பது அட்டை என்கிறார்கள், மீனே பிடிக்கவில்லை என்கிறார்கள். "பொறுங்கோ, உது அப்பிடியில்லை" என்று சத்தம் போட்டுக்கொண்டு போய், நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.