சம்பந்தம் போட்ட ரூட்டு

வெள்ளானூர் சம்பந்தம் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். அதை மாற்றுகிற தைரியம் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அந்த ஆள் அப்போது அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சொர்ணம், அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம நான் ஊர்ல இல்ல. பழவேற்காட்டுக்கு சைக்கிள் ட்ரிப்பு. பன்னெண்டு பேரு. நான்தான் கேப்டனு."

"அன்னிக்கு என் தம்பி கொயந்தைக்குக் காது குத்துறாங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். ஊர்ல இல்ல."

இந்தக் கேப்டன் பதவி சும்மா வந்ததல்ல. சம்பந்தத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் "தினமும் நடங்க" என்றார். நடந்தால் தெருவில் எல்லோரும் நிறுத்திப் பேசுகிறார்கள் என்று சம்பந்தம் கியர் சைக்கிள் வாங்கினார். ஆவடி அடுக்குமாடிக்காரப் பிள்ளைகள், எல்லாம் கம்ப்யூட்டர் உத்தியோகம், ஞாயிறுதோறும் கூட்டமாகச் சைக்கிள் விடுவார்கள். அவர்களோடு சேர்ந்தார். அவர்களுக்குச் சைக்கிளைப் பற்றி எல்லாம் தெரியும். ரோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. சம்பந்தத்துக்கு நேர்மாறு. தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, பூண்டி ஏரி, எண்ணூர் முகத்துவாரம் என்று கொசஸ்தலை ஆற்றை ஓரம் விடாமல் செல்போனில் கோடு போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் அசந்துபோய் "கேப்டன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அன்று முதல் அவர் ரேஷன் கடைக்குக்கூட மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் போகிறார்.

சரி, காதுகுத்துக்கு ஏன் போகவில்லை? அங்கேதான் மானப்பிரச்சனை. போன வருஷம் மச்சான் துலுக்கானம் பழைய வீட்டை இடித்து அதே இடத்தில் புதுவீடு கட்டிக் குடிபோனான். முதல் பந்தியில் இடம் நிறைந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான், "சம்பந்தம் நம்ம ஊட்டு ஆளுதானே, அடுத்த பந்தில உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டான். அடுத்த பந்தியில் வடை தீர்ந்துவிட்டது. இருபது வருஷத்து மாப்பிள்ளைக்கு வடையில்லாத இலை! சம்பந்தம் எழுந்தார். மேளம் அடித்துக் கூப்பிட்டு, முதல் பந்தியில் முதல் இலை போட்டாலொழிய இந்த ஊரில் கால் வைப்பதில்லை என்று சபதம் போட்டுவிட்டு பஸ் ஏறினார். பசியோடுதான்.

"அத்தையும் மாமனும் ஜோடியா நின்னு சீர் குடுக்கணும்யா," என்றாள் சொர்ணம். "நான் மட்டும் தட்ட தூக்கிகினு தனியா நின்னா ஊரே இன்னா பேசும்?"

"வடைய பத்திப் பேசட்டும்."

"ஒரு வடைக்காவா?"

"ஒண்ணு இல்ல. ரெண்டு வெச்சிருக்கணும்."

"அவன் வந்து கூப்ட்டா போவியா?"

"மேளம் அடிக்கட்டும். அப்பால பாக்கலாம்."

சொர்ணம் அதற்குமேல் பேசவில்லை. சம்பந்தம் ஜெயித்துவிட்டதாக நினைத்தார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் பேச்சை நிறுத்தியதற்கு என்ன அர்த்தம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அடுத்த வார வியாழக்கிழமை சாயங்காலம் செல்போனும் கையுமாக ரூட் போட உட்கார்ந்தார். வெள்ளானூர், ஆலமாதி, சோழவரம், காரனோடைப் பாலம், பொன்னேரி. அதுவரைக்கும் குழப்பமில்லை. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குத் தார் ரோடு ஒன்று. அது வேண்டவே வேண்டாம். மச்சான் ஊர் பஸ் ஸ்டாப்பை உரசிக்கொண்டு போகிறது. மிச்சம் இரண்டு. சுற்றிக்கொண்டு காட்டூர் வழி, இல்லையென்றால் ஆரணியாற்றுக் கரை வழி.

சொர்ணம் கீரைக்கட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காட்டூர் வழியே போயேன். நல்ல ரோடு. கரை வழி மட்டும் வோணாம்."

"ஏன்?"

"மேடும் பள்ளமுமா கீது. வயசுப் பசங்களே எறங்கித் தள்ளிகினு போவானுங்க. உனுக்கு மூச்சு வாங்கும்."

"எனுக்கா?"

"பின்ன எனுக்கா? சொன்னா கேளு. கேப்டனுன்னு கூப்பிடுறாங்கோ, பாதில குந்திக்கினா அசிங்கம்."

சம்பந்தத்தின் விரல் காட்டூரை விட்டு நகர்ந்தது. ஆற்றுக்கரை மேல் பொன்னேரி முதல் கடல் வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார். இழுத்துவிட்டு மீசையைத் தடவினார். சொர்ணம் பெருமூச்சு விட்டுக் கீரை ஆய ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் ரூட் பிள்ளைகளின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை சொர்ணம் சீர்த்தட்டுப் பையோடு தனியாகத் தம்பி வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்ட படை எட்டரைக்கெல்லாம் கரை மேல் ஏறிவிட்டது. ஒரு பக்கம் ஆற்றுத் தண்ணீர், மறுபக்கம் வயல், எதிரே கடலிலிருந்து வந்த உப்புக்காற்று. கொக்குகள் எழுந்து எழுந்து வழிவிட்டன.

"கேப்டன், செம ரூட்!" என்று பின்னாலிருந்து கத்தினான் கிஷோர்.

"இது ட்ரெய்லருதான் தம்பி!" என்றார் சம்பந்தம். மூச்சு வாங்கியது. ஆனால் இறங்கித் தள்ளவில்லை. சொர்ணம் மட்டும் பார்த்திருந்தால்!

ஒன்பது மணிக்குக் கரை காணாமல் போனது. போன மழையில் உடைத்துக்கொண்டு போயிருந்தது. எதிரே பத்தடிப் பள்ளம், அடியில் சேறு. இடப்பக்கம் மட்டும் ஒற்றையடிப் பாதை ஒன்று தென்னந்தோப்புக்குள் இறங்கியது. கேப்டன் தயங்கலாமா? "என் பின்னாடியே வாங்க!" என்று இறங்கினார். தோப்பு முடிந்து ஒரு மாட்டுக்கொட்டகை வந்தது. கொட்டகை தாண்டியதும் சாம்பார் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். ஷாமியானா. இருநூறு பேர்.

சம்பந்தம் பிரேக் பிடித்த அதே நொடியில் மேளம் கொட்டியது.

"மாமோவ்!" என்று ஓடிவந்தான் துலுக்கானம்.

பாவம் சம்பந்தம். இருபது வருஷமாக இதே வீட்டுக்கு வந்துபோகிறார். பஸ்ஸில் வந்து, தெருப்பக்கமாக நுழைந்து, நாற்காலியில் உட்காருவார். மாப்பிள்ளை அல்லவா? தண்ணீர், பலகாரம், விசிறி எல்லாம் நாற்காலிக்கே வரும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பஸ் ஏறுவார். வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எழுந்துபோய்ப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஆரணியாறு இருந்திருக்கும்.

சொர்ணம் பட்டுப்புடவையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். "இன்னாயா, மூச்சு வாங்குதா?" என்றாள்.

அதற்குள் துலுக்கானம் கட்டிப்பிடித்துக்கொண்டான். "எம்மாம் தூரம் மாமா! என் புள்ள காதுகுத்துக்கு சைக்கிள்லயே வந்துகீறியே! அன்னிக்கு நான் செஞ்சது தப்புதான். மனசுல வெச்சுக்காத மாமா." அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. ஊரே திரும்பி, இறுக்கமான கால்சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. "வெள்ளானூர்லேந்தா! கால்லயே மிதிச்சா!" என்று பெரியவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

தான் வந்தது பழவேற்காட்டுக்கு என்று சொல்ல சம்பந்தம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு. மூன்று வடை. அடுத்தடுத்துப் பதினோரு இலைகளில் பிள்ளைகள். "கேப்டன், டிபன் ஸ்டாப்பை இப்படி ரகசியமா வெச்சிருந்தீங்களே!" என்றாள் சபீனா. "ஒரு கேப்டன் எல்லாத்தயும் சொல்லிட மாட்டாம்மா," என்றார் சம்பந்தம். அப்புறம் மனைவி பக்கத்தில் ஜோடியாக நின்று சீர் கொடுத்தார். சொர்ணத்தின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது தட்டை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தார். இப்படி ஒரு நல்ல காரியத்தைத் தெரியாமலேயே செய்துவிட்டோமே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

தெருப்பக்கம் வந்தால் அங்கே ஒரு பேனர். பனைமர உயரம். அதில் ஹெல்மெட் போட்ட சம்பந்தம் சைக்கிளோடு சிரிக்கிறார். கீழே, 'ஆற்றையும் கடலையும் மிதித்தே அளந்த எங்கள் மாமா, வெள்ளானூர் சிங்கம் சம்பந்தம் அவர்களே! சைக்கிள் வீரர்களே! வருக! வருக!' அவர் நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வில் சட்டை ஜிப் அரை அடி இறங்கியது. பேனருக்குக் கீழே நின்று மூன்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

"பாத்தியா சொர்ணம்? நீ வோணாம்னு சொன்ன கரை வழியிலதான் வந்தேன். உன் பேச்ச கேட்டு காட்டூர் பக்கம் போயிருந்தா இந்த மரியாத கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்காதுதான்," என்றாள் சொர்ணம், ரொம்பப் பணிவாக.

சபீனா மட்டும் பேனரை மேலும் கீழும் பார்த்தாள். "சூப்பரா இருக்கு அக்கா. ஆனா நாங்க இந்த வழியா வரோம்னு எங்களுக்கே வெள்ளிக்கிழமைதான் தெரியும். இவ்வளவு பெரிய பேனரை எப்ப அடிச்சீங்க?"

சொர்ணம் ஒரு டம்ளர் பாயசத்தை எடுத்து சம்பந்தத்தின் கையில் கொடுத்தாள்.

"பேனரு திங்கக்கெழமையே வந்துட்சி கண்ணு. இவருதான் ரூட்டு போட வியாயக்கெழம ஆக்கிட்டாரு."