பிடித்து வைக்க ஒரு குமிழ்

"நான் கப்பல விட்டு எறங்கிட்டா நீ என்ன செய்வ?"

"கப்பல்காரன்னு சொல்லித்தான் எங்கப்பா என்னக் கட்டி வச்சாரு. நீங்க கப்பல விட்டு எறங்கினா, நான் இந்த வீட்ட விட்டு எறங்கிருவேன்."

கலியாணமான புதிதில் ரோச்சும் பிலோமியும் மொட்டை மாடியில் பேசிக்கொண்டது இது. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரித்தான். பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

ஆனால் பிலோமி அந்தப் பேச்சை நினைத்து நினைத்துத் தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. எவ்வளவு வாகாக வந்து விழுந்த கேள்வி. 'எறங்கிட்டு வாங்க, கஞ்சியோ கூழோ சேர்ந்து குடிப்போம்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். குறும்பு முந்திக்கொண்டது. அதற்குப் பிறகு அவனைப் பம்பாய்க்கு ரயிலேற்றி விடும் ஒவ்வொரு தடவையும் 'போகாதீங்க' என்ற சொல் தொண்டை வரைக்கும் வரும். புருசனை முந்தானையில் முடிந்துகொண்டாள் என்று தெரு பேசுமே என்று அங்கேயே நின்றுவிடும். ரயில் போய்விடும்.

இந்தத் தடவை சொல்லியே தீருவது என்று இருந்தாள். தனியாக அரை மணி நேரம் அவன் கிடைத்தால் போதும். அந்த அரை மணி நேரத்தைத் தின்பதற்கென்றே ஒரு டி.வி. வந்து சேர்ந்தது.

ரோச் சிங்கப்பூரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். எழுபத்தெட்டாம் வருஷம். டி.வி.யில் படம் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். தூத்துக்குடியில் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உப்பளத்தில் அள்ளிக் கொட்டியது போல வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிந்தன.

"ஒண்ணும் தெரியாதுன்னா இத எதுக்குச் சொமந்துட்டு வந்தீங்க?"

"இதுக்குத்தான்" என்று அவன் இன்னொரு சின்னப் பெட்டியை எடுத்தான். அதிலிருந்து இரண்டு வயர்கள், வயர் நுனியில் ஆளுக்கொரு குமிழ். டி.வி.யோடு சேர்த்து மாட்டியதும் திரையில் இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் குச்சி, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் குச்சி, நடுவில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுதான் பந்தாம். குமிழைத் திருகினால் குச்சி மேலும் கீழும் போகும். பந்து குச்சியில் பட்டால் 'டொக்'. தவறினால் 'பீங்'. அவ்வளவுதான் விஷயம். ஜப்பான்காரன் உட்கார்ந்து யோசித்துச் செய்தானாம்.

பிலோமி ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தாள். முதல் பந்து அவள் குமிழைக் கண்டுபிடிப்பதற்குள் போய்விட்டது. அடுத்ததற்குக் குமிழைத் திருகிய வேகத்தில் குச்சி உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது, பந்து அடியில் போனது. அதற்கடுத்தது பட்டது. பட்டவுடன் போய்விட்டது.

"வந்தா அடிச்சுத் திருப்பி அனுப்பணும். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வந்ததப் பிடிச்சு வச்சுக்கிட ஒரு குமிழ் கெடையாதா?"

"அப்படி வச்சா ஆட்டம் நின்னு போயிரும்லா" என்றான் ரோச்.

அவள் குமிழை அவன் மடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். அன்றைக்குப் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே உருண்டன.

கப்பல்காரன் வந்து இறங்கினால் தெருவே திரண்டு வந்து பார்ப்பது அங்கே வழக்கம். வந்தவர்களுக்கு ஒரு வாசனைச் சோப்பும் ஒரு தம்ளர் காப்பியும் கொடுத்து அனுப்ப வேண்டும். ஒரு வாரத்தில் சோப்பும் தீரும், கூட்டமும் ஓயும். இந்தத் தடவை சோப்பு தீர்ந்த பிறகும் கூட்டம் ஓயவில்லை.

காலையில் ரோச், "ஆர்பர்ல சேக்காளிகளப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவான். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் டக் படகில் அவனுக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். சாயங்காலம் சட்டையெல்லாம் கிரீசோடு திரும்புவான். லீவில் வந்தவன் ஊரான் படகை எதற்குத் துடைத்துக் கொடுக்க வேண்டும்? அந்தக் கிரீசைத் தேய்த்துத் தேய்த்து பிலோமிக்குக் கையெல்லாம் எரிந்தது. வருகிறவன் தனியாகவும் வரமாட்டான். பின்னால் தெருவே வரும்.

முதல் ஆளாக நுழைவது அடுத்த வீட்டு பர்னபாஸ் மாமா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உள்ளே வந்ததும் வாய் நிறைய ஒரு கொட்டாவி விடுவார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு குமிழைக் கையில் எடுப்பார். இவ்வளவு தூக்கம் வருகிற மனிதர் வீட்டில் படுத்துத் தூங்காமல் இங்கே வந்து ஏன் உயிரை வாங்க வேண்டும் என்று பிலோமிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"லீவு என்னைக்கு முடியுது?" என்று ஒரு நாள் காப்பியை நீட்டும்போது ரோச்சிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இந்த ஆட்டம் முடியட்டும்" என்றான். அந்த ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டம் வந்துவிட்டது.

பிலோமி யோசித்தாள். சின்னப் பெட்டிக்கு உயிர் கொடுப்பது டார்ச் லைட்டில் போடுகிற பேட்டரிக் கட்டைகள்தான். மறுநாள் மதியம் அத்தனையையும் உருவி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள்.

சாயங்காலம் ரோச் மூடியைத் திறந்து பார்த்தான். யார் எடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே தெருவுக்குப் போனான். வீட்டுக்கு ஒரு கட்டையாக டார்ச்சுகளிலிருந்து வாங்கி வந்துவிட்டான். ஆட்டம் நடந்தது. அதுவாவது பரவாயில்லை. அன்றிலிருந்து கட்டை கொடுத்த வீட்டுக்காரர்களெல்லாம் பங்குதாரர்கள் ஆகிவிட்டார்கள். "எங்க வீட்டுக் கட்ட உள்ள கெடக்கு, பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்" என்று கட்டையை நலம் விசாரிக்க வருவதுபோல் குடும்பத்தோடு வந்தார்கள். திரும்பிப் போகும்போது யாரிடமும் எரிகிற டார்ச் இல்லை. பிலோமி அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆளை இறக்கிவிட்டு வர வேண்டியிருந்தது.

இனி மாமியார்தான் சரி என்று முடிவு செய்தாள். அல்போன்சா மாமி அடுத்த தெருவில் மூத்த மகன் வீட்டில் இருந்தாள். அவள் குரலுக்கு மீன் ஏலக்காரர்களே ஒதுங்குவார்கள். பிலோமி போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமி கேட்டுவிட்டு அவள் கன்னத்தைத் தடவி, "அவனுக்கு மனசு நெறைய இருக்கு தாயி. வாய்தான் கெடையாது" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னாள். ஆனாலும் அன்று சாயங்காலமே செபமாலையைக் கையில் பிடித்தபடி வந்து நடுவீட்டில் நின்றாள்.

"ஏலே ரோச்சு. இதென்னல கூத்து?"

ரோச் எழுந்து அம்மாவுக்கு இடம் விட்டு, குமிழை அவள் கையில் வைத்தான்.

"எனக்கு எதுக்குல இந்தக் கருமம்" என்று சொல்லிக்கொண்டே மாமி அதைத் திருகினாள். 'டொக்' என்றது. மாமி புருவத்தை உயர்த்தினாள். "இன்னொண்ணு விடு பாப்போம்."

மறுநாளிலிருந்து தெருப் பெண்களின் சாயங்கால செபம் பிலோமி வீட்டுக்கு மாறியது. செபம் முடிந்து, வந்தது வந்தோம் என்று இரண்டு ஆட்டம். இதுவரை ஆண்களுக்கு மட்டும் போட்ட காப்பியை இப்போது பெண்களுக்கும் சேர்த்துப் போட்டாள். மாமி மட்டும் சர்க்கரை தூக்கலாகக் கேட்டாள்.

பிலோமியின் கோபம் இப்போது டி.வி.யைத் தாண்டி, ஜப்பானைத் தாண்டி, கடலைக் கண்டுபிடித்தவன் வரைக்கும் போயிருந்தது. கூட்டத்தை வெளியே தள்ளினால் வீடாவது மிஞ்சும் என்று டி.வி.யைத் தூக்கி ஜன்னலில் தெருவைப் பார்க்க வைத்தாள். வயர்களைக் கம்பிகளுக்கு நடுவே விட்டுக் குமிழ்களை வெளியே தொங்கவிட்டாள். இனி ஆடுகிறவர்கள் தெருவில் உட்கார்ந்து ஆடட்டும்.

ஆடினார்கள். திரேஸ்புரத்திலிருந்து வலை தூக்கிக்கொண்டு போனவர்கள் வலையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். சைக்கிளில் சுண்டல் விற்பவர் வந்து நிரந்தரமாகவே கடை போட்டார். வீடு காலியாக இருந்தது. பிலோமி தலைசீவி, பூ வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். சுவர்தான் எதிரே இருந்தது. ரோச் தெருவில் நடுவராக நின்று கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். வைத்த பூவைப் பிய்த்து எறியப் போனவள், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"எந்திரிங்க மாமா."

பர்னபாஸ் மாமா பாதிக் கொட்டாவியில் வாயை மூடிக்கொண்டு எழுந்தார். பிலோமி அவர் இடத்தில் உட்கார்ந்தாள். மற்ற குமிழை ரோச்சிடம் நீட்டினாள்.

"நீங்களும் நானும். நான் செயிச்சா இந்தப் பெட்டி நாளைக்குக் கடலுக்குப் போவும்."

சுண்டல்காரர் மணியடிப்பதை நிறுத்தினார். ரோச் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். லீவில் வந்ததிலிருந்து அவன் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான், அதுவும் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு என்று நினைத்தபோது அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

டொக். பந்து போனது. டொக். வந்தது. கோபத்தில் அவள் கை ஆச்சரியமாகச் சொன்னபடி கேட்டது. பந்து எங்கே வரும் என்று கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்தது. நேரம் போகப் போகப் பந்து வேகம் பிடித்தது. உள்ளங்கை வியர்த்து, மூச்சைக்கூட மறந்து, திரையைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. இதில் இப்படி ஒரு பைத்தியம் இருக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததற்காகவும் ஒரு கோபம் வந்தது.

பீங். ரோச் தவறவிட்டான். இன்னொரு பீங். எதிரே குச்சி அசையவே இல்லை. திரும்பிப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பந்தப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எம் மூஞ்சியிலயா பந்து இருக்கு?"

தெரு கொல்லென்று சிரித்தது. அல்போன்சா மாமி செபமாலையால் வாயை மூடிக்கொண்டாள். மறுபடி பீங், மறுபடி பீங். பிலோமி ஜெயித்துவிட்டாள். ஜெயித்த மாதிரியே இல்லை. அனுப்பிய பந்தெல்லாம் போய்க்கொண்டே இருந்தது, ஒன்றும் திரும்பி வரவில்லை. ரயிலடியில் நிற்பது போலிருந்தது.

"சொல்லு பிலோமி" என்றான் ரோச், தாழ்ந்த குரலில். "பெட்டியத் தூக்கிக் கடல்ல போட்டுரட்டுமா?"

பெட்டியாம். அத்தனை நாள் தேய்த்த கிரீசும், போட்ட காப்பியும், தூக்கிய அரிக்கேனும், ரயிலடியில் விழுங்கிய அந்தச் சொல்லும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. தெரு பார்க்கிறது என்பது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

"பெட்டி கெடந்துட்டுப் போவட்டும். நீங்க போவாதீங்க. எனக்குக் கப்பலும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். எங்கப்பா என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போறாரு. இங்கனயே இருங்க, எங்கூட."

ரோச் கையில் குமிழோடு வாய் திறந்தது திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

பர்னபாஸ் மாமா கூட்டத்திலிருந்து நடந்து வந்தார். ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுச் சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்தார். தன் வீட்டு டார்ச் கட்டையை உருவி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். திரையில் குச்சிகளும் பந்தும் அணைந்து, வெறும் வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன.

"அவன் கப்பல விட்டு எறங்கி, ஆர்பர் டக்ல வேலைக்கும் போயிட்டுருக்கான் தாயி. அது தெரிஞ்சா நீ வீட்ட விட்டு எறங்கிருவியாம்ல, அந்தப் பயத்துல ஒங்கூடத் தனியா இருக்கமாட்டாம, தெனமும் எங்களக் கெஞ்சிக் கூட்டியாந்து காவலுக்கு வச்சிருக்கான் ஒம் புருசன். இனியாவது எங்களத் தூங்கப் போவ விடுங்க."