லினக்ஸுக்கு டிரைவர் தேடிய மூன்று நாட்கள்

ஒரு கணினியின் வயிற்றுக்குள், வெறும் மென்பொருளாலேயே ஆன இன்னொரு கணினியைக் குடிவைத்து, அதற்கு வாசல் வைக்க மறந்த பெருமை, உலக வரலாற்றிலேயே ஒரகடத்திலுள்ள எங்கள் தொழிற்சாலையைத்தான் சாரும். மனிதவள அதிகாரி என்ற முறையில் இதைச் சொல்லும்போது என் நெஞ்சு விம்முகிறது.

தொழிலாளி கேட்டில் விரல் வைத்தால், அந்த வருகை உள்கணினிக்குப் போய்ச் சேரவேண்டும். உள்கணினிக்கு லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டாயிற்று, தேங்காயும் உடைத்தாயிற்று. ஆனால் அதற்கு நெட்வொர்க் கார்டை அடையாளம் தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய அறுநூறு பேரும் ‘ஆப்சென்ட்’. அவர்கள் செய்து குவித்த பாகங்கள் மட்டும் ‘பிரசென்ட்’.

உடனே ‘உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்’ கூடியது.

“டிரைவர் சாஃப்ட்வேர் போடணும் சார்” என்றார் ஐ.டி. தலைவர் தேவராஜன்.

“போடுங்க” என்றேன்.

“நெட்டுலேர்ந்து எறக்கணும்.”

“எறக்குங்க.”

“அதுக்கு அந்த மிஷின்ல நெட்வொர்க் வேணும்.”

“இன்னா பண்ணா நெட்வொர்க் வரும்?”

“டிரைவர் போட்டா வரும் சார்.”

இந்த மகத்தான தெளிவைக் கைதட்டி வரவேற்று, வடை சாப்பிட்டுக் கலைந்தோம். மறுநாளும் அதே தெளிவு, அதே கைதட்டல். வடைக்குப் பதில் போண்டா.

மூன்றாம் நாள், வயரிங் லைன் டிரெய்னி கலைமதி கதவைத் தட்டினாள். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். அந்த வெள்ளிக்கிழமையோடு இரண்டு வருஷப் பயிற்சி முடிகிறது. முடிந்தால் வேலை நிரந்தரம்.

“சார், வெளிய கீற கம்ப்யூட்டர் செட்டிங்ல நெட்வொர்க் கார்ட பழைய மாடலா மாத்துங்க. அதுக்கு டிரைவர் லினக்ஸ் உள்ளயே கீது.”

“கமிட்டி போடாமயா?” என்று அதிர்ந்தார் தேவராஜன்.

அவளே மாற்றினாள். நாலு கிளிக். நெட்வொர்க் வந்துவிட்டது! தேவராஜன் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். கூட்டக் குறிப்பில் கலைமதியின் பெயரை எழுத மட்டும் மறந்துபோனோம்.

உள்கணினி தன் முதல் அறிக்கையை வெளியிட்டது: மூன்று நாளும் ஒருவரும் வரவில்லை. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு யூனியன் உண்டு. அவர்கள் வருகையை அன்றே திருத்திவிட்டோம். டிரெய்னிகளுக்கு விதி மட்டும்தான் உண்டு. மூன்று நாள் சொல்லாமல் வராவிட்டால், பயிற்சி மறுபடியும் முதல் நாளிலிருந்து.

“இன்னா சார் இது? மூணு நாளும் லைன்லதான நின்னுகினு இருந்தேன்! மிஷினையே நான்தான சார் சரி பண்ணேன்!”

அவள் கண் கலங்கியது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

“நீ வந்தது எனக்குத் தெரியும்மா. சிஸ்டத்துக்குத் தெரியலியே” என்று சொல்லி, ஆணையில் கையெழுத்திட்டேன்.

விஞ்ஞானத்தின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. போன வருஷம் வரை, நிரந்தரமாகப் போகிற ஒவ்வொரு டிரெய்னியின் மூன்று நாள் வருகையையும் நானே உட்கார்ந்து கையால் அழிக்கவேண்டியிருந்தது.