நீ வாங்கிய பதினோரு திரைச்சீலைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலமில்லை என்று எழுதினால் நீ அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவாய் என்பதால் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா?

தொழிற்சாலையில் ஆள்குறைப்பு என்று என்னை வெளியே அனுப்பியபோது, "ஆன்லைன்ல திரைச்சீலை தைச்சு வித்துப் பாருடா, கடை வாடகைகூடக் கிடையாது" என்று சொன்னவள் நீ. வாடகை கிடையாதுதான், வீடே கடையாகிவிட்டதே. மளிகை வாங்கவே யோசிக்கிற காலத்தில் ஜன்னலுக்கு யார் துணி வாங்குவார்கள்? வாங்குகிற நாலு பேரும், விருந்தாளி வருகிறார்கள் என்று வாங்கி மாட்டி, அவர்கள் கிளம்பியதும் "கலர் பிடிக்கல" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒன்று மீன் வறுத்த வாசனையோடு வந்தது. இன்னொன்றின் மடிப்பில் குழந்தையின் சாக்ஸ் ஒன்று இருந்தது. ஒருவர் ஜன்னலை அளக்காமல் வாங்கிவிட்டு, திரை குட்டை என்று ஒற்றை நட்சத்திரம் போட்டார். விற்பனை நடக்கிற இணையதளத்தில் முறையிட்டால், "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்று ஓர் இயந்திரம் நாள் முழுக்கச் சொல்கிறது. இந்தத் தொழில் மந்தத்தில் அதற்கு மட்டும்தான் வேலை போகவில்லை. திரும்பி வந்த சரக்கை வைக்க இடமில்லாமல் உன் தம்பி பெண்டாட்டி ஜன்னலே இல்லாத சுவரிலும் மாட்டிவைத்திருக்கிறாள். கீழ்வீட்டுக்காரர் காற்றுக்காக ஒரு திரையை விலக்கிவிட்டு, வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

சராசரி நாலு நட்சத்திரத்துக்குக் கீழே இருந்தால் மாதக் கடைசியில் கடையை நீக்கிவிடுவார்கள். அந்தப் பயத்தில் கிடந்தபோதுதான் 'சூரியகாந்தி' என்று ஒரு வாடிக்கையாளர் வந்தார். இரண்டு மாதத்தில் பதினோரு திரைகள், எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம், ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு என் தையல் பிடித்துவிட்டதே என்று வீட்டில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். நேற்று சூரியகாந்தி எழுதிய கருத்து இது: "துணி அருமை. சாயம் போகல. நேரத்துக்குச் சாப்பிடுடா, ரொம்ப இளைச்சுட்ட."

பார்சலெல்லாம் அத்தான் ஆபீஸ் இருக்கிற தெருவுக்கே போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அக்கா, உன் வீட்டில் மொத்தமே இரண்டு ஜன்னல். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. வெளியாள் ஒருவராவது என் சரக்கை விரும்பி வாங்கினார் என்ற ஒரே சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டாய். இனிமேல் ஒரு முழம் துணிகூட வாங்காதே. அக்காவின் இரக்கத்தில் ஓடுகிற கடை எனக்கு வேண்டாம். நாளைக்கே மூடுகிறேன், யார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரோஷமுள்ள தம்பி

பின்குறிப்பு: இப்போதுதான் பார்த்தேன், நீ இத்தனை போட்டும் சராசரி மூன்று புள்ளி ஒன்பதில் நிற்கிறது. மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. உன் மாடிவீட்டு அம்மாவை ஒரே ஒரு திரை வாங்கச் சொல். என்னை யாரென்றே தெரியாதவர்போல நாலு வரி நல்லதாக எழுதச் சொல்.