தங்கள் வண்டிக்கு நல்ல டயர் வாங்கிய விவரம்

ஐயம்பேட்டை,
வெள்ளிக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் திரு. ராமராஜன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை அம்சாவின் கணவன் பூவராகவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்சா, மகள் நதியா, தாங்கள் எங்கள் பொறுப்பில் விட்டுச்சென்ற சிவப்பு வண்டி ஆகிய நால்வரும் நலம். மஸ்கட்டில் தாங்களும் தங்கள் துணைவியார் தங்கச்சி சுகாசினியும் அவ்விடத்து வெயிலைப் பொறுத்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். எங்கள் நால்வரில் அதிக நலத்தோடு இருப்பது வண்டிதான். அதுபற்றியே இக்கடிதம்.

போனில் சொல்லக்கூடிய விஷயத்தை ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். நதியாவும் இதையேதான் கேட்டாள். "இன்னாத்துக்குப்பா லெட்டரு? வாட்ஸாப்ல ஒரு வாய்ஸ் போட்டா மாமா அடுத்த நிமிஷமே பதில் சொல்லிடுவாரு" என்றாள். "அதுதான்மா சிக்கல்" என்றேன். முப்பது வருடம் அரசாங்கத்தில் ஜீப் ஓட்டியவன் நான். அனுமதி கேட்பது வேறு, பதில் பெறுவது வேறு என்று அறிந்திருக்கிறேன்.

சென்ற வாரம் தாங்கள் போனில், "மாப்ள, வண்டிய வித்துடலாம்னு இருக்குறேன். கூரம் வெங்கடேசன் கேட்டுக்கினு இருக்காரு. திங்கக்கெழம வந்து பாப்பாராம். டயரெல்லாம் காஞ்சி போயிருக்கும், நல்ல டயரா பாத்து நாலு போட்டு வையுங்க" என்று சொன்னது நினைவிருக்கும். நல்ல டயர் என்றுதான் சொன்னீர்கள், எதற்கு நல்ல டயர் என்று சொல்லவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது நதியா தன் கம்பெனியில் உடன் வேலை செய்பவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ரேஸ் தடம் ஒன்று இருக்கிறதாம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் தம் சொந்த வண்டியைக் கொண்டுபோய், கட்டணம் கட்டி, தலைக்கவசம் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓட்டலாமாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, எங்கும் போய்ச் சேரவும் வேண்டியதில்லை. "லைசென்ஸும் நல்ல டயரும் இருந்தா போதும்ப்பா" என்றாள். தாங்கள் சொன்ன அதே இரண்டு சொற்கள். சாம்பார் ஊற்றிய சோற்றை நான் பிசையவே இல்லை என்று அம்சா பிற்பாடு சொன்னாள்.

மச்சான், தங்களிடம் மறைப்பதற்கில்லை. முப்பது வருடம் வண்டி ஓட்டினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேனே தவிர, ஒரு நாளும் நான் ஓட்டவில்லை. வண்டியின் வேகம் பின் இருக்கையில் இருப்பவருடையது. அவர் "மெதுவா" என்றால் மெதுவாக, "சீக்கிரம்" என்றால் அதைவிடச் சற்றுக் குறைந்த மெதுவாக. பின் இருக்கை காலியாக இருந்த நாட்களிலும் யாரையோ அழைத்துவரத்தான் போய்க்கொண்டிருந்தேன். மீதி நேரமெல்லாம் ஏதாவது ஓர் அலுவலக வாசலில், ஏதாவது ஒரு புங்கமரத்தடியில் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் மாவட்ட நூலகத்தில் பாதியைப் படித்து முடித்தேன். ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, எனக்காக ஓட்ட வேண்டும். திங்கட்கிழமை வண்டி வெங்கடேசனுக்குப் போய்விடும். ஆகவே கேட்பது வரும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான்.

டயர் வாங்க அம்சாவையும் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரத்தில் தேவேந்திரன் கடைக்குப் போனதுதான் நான் செய்த ஒரே பிழை. தங்கள் தங்கை பட்டுச்சேலைக் கடையில் இருபது வருடம் விற்பனைக்கு நின்றவள் என்பது தங்களுக்குத் தெரியும். கடைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "எட்த்துப் போடுபா" என்றாள். தேவேந்திரன் ஒரு டயரை உருட்டிவந்தார். "இன்னொண்ணு." இன்னொன்று வந்தது. இப்படியே கடையிலிருந்த டயரில் முக்கால்வாசி அவள் காலடியில் வந்து விழுந்த பிறகு, ஒன்றைக் காட்டி, "இத வெளிய எட்த்துக்கினு வா, வெளிச்சத்துல கலர் பாக்கணும்" என்றாள். "அக்கா, எல்லாம் கறுப்புதாங்கா" என்றார் தேவேந்திரன். "எல்லாக் கறுப்பும் ஒண்ணாபா?" என்று கேட்டுவிட்டு அவளே உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

நான் நதியா எழுதிக்கொடுத்தபடி, ரோட்டிலும் சட்டப்படி ஓடக்கூடிய, ரேஸ் தடத்திலும் பிடித்து நிற்கக்கூடிய டயரைக் கேட்டேன். தேவேந்திரன் முகம் மலர்ந்து உள்ளறையிலிருந்து ஒன்றைத் துணியில் துடைத்து எடுத்துவந்தார். "முழு ரேஸ் டயருன்னா மொட்டையா இருக்கும் சார். ரோட்டுல போனா போலீஸ் புடிக்கும், லாரியில ஏத்திக்கினு போவணும். இது அப்டியில்ல. வூட்லருந்து தடத்துக்கு ஓட்டிக்கினு போயி, அங்க ஓட்டிட்டு, திரும்ப இதுலயே வூட்டுக்கு வந்துடலாம்" என்றார். அம்சா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாபா இது, மேல வேலையே காணோம்?"

"அதான்கா இதோட விசேஷம். வரி கம்மி. அதனால ரப்பர் நெறைய தரையில படும், கெட்டியா புடிச்சிக்கும்."

"வேலை கம்மி, வெல மட்டும் ஜாஸ்தியா? எவ்ளோ நாளு உழைக்கும்?"

"சாதா டயரு அஞ்சு வருஷம் வந்துதுன்னா இது ஒரு வருஷம் வரும். தடத்துல ஓட்டினீங்கன்னா அதுவும் வராது."

"எங்க கடைக்கு வந்து இப்டி சொல்லி ஒரு பொடவய வித்துக் காட்டு, பாக்கலாம்" என்றாள் அம்சா.

டயரின் பக்கவாட்டில், அது எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதற்கு ஓர் எண் போட்டிருக்கிறார்கள். ஐந்நூறு என்றால் நெடுநாள் உழைக்கும், தரையைச் சுமாராகப் பிடிக்கும். இருநூறு என்றால் தரையை விடவே விடாது, ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். தேவேந்திரன் இதை மிக அழகாக விளக்கினார். அம்சா முழுவதையும் கேட்டுவிட்டு, "இருநூறுக்கு எதுக்குபா ஐந்நூறவிட ஜாஸ்தி வெல?" என்றாள். அவர் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். அவரும் காத்திருக்கப் பழகியவர் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. புது டயரின் மேல் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அம்சா அதில் ஒன்றைக் கிள்ளி எடுத்தாள். சாமி படத்தருகே இருந்த தீப்பெட்டியை எடுத்தாள். நிஜப் பட்டு இழை எரிந்தால் முடி கருகும் வாசம் வரும், சாம்பல் கையில் பொடியும். போலி இழை உருகி மணியாகும். இந்த முடி உருகி, கறுப்பாக ஒரு மணியாகி, அவள் காலடியில் விழுந்தது. "பட்டு இல்லபா இது, பாலியஸ்டர்" என்று தீர்ப்புச் சொன்னாள். "அக்கா, இது டயருங்கா" என்றார் தேவேந்திரன். அதைச் சொல்லும்போது அவர் கையில் தீயணைப்பு உருளை இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகு எப்படி வாங்கினோம் என்று கேட்பீர்கள். எழுந்து கிளம்பும்போது பழக்கத்தில் அவள் விரல்கள் அந்த இருநூறின் மேல் ஒருமுறை போய்வந்தன. நகத்தால் லேசாக அழுத்தினாள். நகத்தடம் பதிந்து, மெல்ல மெல்ல மறைந்தது. மறுபடி அழுத்தினாள். "மெத்துனு இருக்குதுங்க" என்றாள், யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல. அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசி வெகுகாலம் ஆகிறது. நான் உடனே நாலும் கட்டச் சொன்னேன். அளவும், எவ்வளவு சுமை தாங்கும் என்ற எண்ணும் தங்கள் வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருந்தபடியே வாங்கினேன் என்பதையும், மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் இந்த டயர் வழுக்கும் என்று தேவேந்திரன் எச்சரித்ததை வானிலை அறிக்கையோடு ஒப்பிட்டுக்கொண்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அன்று அஷ்டமி, மறுநாள் நவமி. மாட்டக் கூடாது என்று அம்சா சொல்லிவிட்டதால் நான்கு டயர்களும் வீட்டுக்கு வந்தன. வெயில் படக் கூடாதாம். கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே அவளுடைய பழைய வாயில் சேலையைப் போர்த்தினாள். புது ரப்பர் வாசமும் சேலை மடிப்பின் வசம்பு வாசமும் கலந்து வீடே வேறொருவர் வீடுபோல ஆனது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவற்றின் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன்.

கூடத்தின் தரை கருநீலமாகி நீண்டுகொண்டே போயிற்று. அதில் ஆடு இல்லை, வேகத்தடை இல்லை, எதிரே வருபவர் எவரும் இல்லை. பாதை பட்டுச்சேலையின் மாங்காய்க் கரைபோல வளைந்து வளைந்து தன்னிடமே திரும்பி வந்தது. எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று காட்டக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. பெரியது வந்ததும் காலை எடுத்தேன், சிறியது வந்ததும் பிரேக்கை அழுத்தினேன், வண்டி தண்ணீரில் விட்ட இலைபோலத் திரும்பிற்று. வேலிக்கு அப்பால் என்னுடைய அதிகாரிகள் அனைவரும், பணியிலிருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், காலமானவர்கள் உட்பட, கக்கத்தில் கோப்புடன் நின்றிருந்தார்கள். எனக்காகக் காத்திருந்தார்கள். நான் நிற்கவில்லை. அடுத்த சுற்றிலும் அங்கேயே இருந்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாருக்கும் கோபமில்லை. மேலே வெயில்கூட மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மரியாதைக்காகக் கையைத் தூக்கி அசைத்தேன்.

"இன்னாங்க, தூக்கத்துல கியர் மாத்திக்கினு இருக்கீங்க?" என்று அம்சா எழுப்பினாள்.

தசமியன்று டயர் மாட்டினோம். புது டயரை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும் என்பதால் இன்று விடிந்ததும் கூரம் வரை போய்வந்தேன். வயல்மேல் பனி உட்கார்ந்திருந்தது. சூடேற ஏற டயர் பசைபோலாகி, வழியில் கிடந்த பொடிக்கற்களையெல்லாம் எடுத்துச் சக்கரத்தின் மேல்தகட்டில் அடித்தது; யாரோ சலங்கை கட்டிக்கொண்டு கூடவே ஓடிவருவதுபோல இருந்தது. திரும்பும்போது கோவில் வீதி வழியாக வந்தேன். வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் டயரில் மல்லிகைச் சரத்தின் பாதியும், ஒரு வெற்றிலையும், பேருந்துச் சீட்டும், சரிகைத் துணுக்கு ஒன்றும் ஒட்டியிருந்தன. "ஊரையே ஒட்டிக்கினு வந்துருக்குது பாரு" என்று சொல்லி அம்சா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். திட்டவில்லை.

ஆகவே தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். உறுதியாகச் சொல்கிறேன்: எண்பதைத் தாண்ட மாட்டேன். பின்னால் வருபவர் எல்லோருக்கும் வழிவிடுவேன். பக்கத்தில் யாரையும் ஏற்றிக்கொள்ள மாட்டேன். அம்சா தயிர்சாதத்துடன் நிழலில் உட்கார்ந்து என்னைக் கண்காணிப்பாள். திங்கட்கிழமை காலை வண்டியைக் கழுவி, டயரைத் துடைத்து, வெங்கடேசன் கையில் சாவியைக் கொடுப்பேன். தங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இருந்தால் ஞாயிறு காலை ஆறு மணிக்குள் தபால் மூலம் தெரிவிக்கவும். அதற்குள் பதில் வராதபட்சத்தில் ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும்.

தாங்களும் தங்கச்சியும் நோய்நொடி இல்லாமல், குளிர்ந்த காற்றும் நல்ல சாப்பாடும் கிடைத்து நீடு வாழக் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள,
பூவராகவன்.

பின்குறிப்பு (திங்கட்கிழமை): இக்கடிதத்தைச் சனியன்று பெட்டியில் போட மறந்துவிட்டேன். நேற்று இது என் சட்டைப்பையில் இருந்தபடியே தடத்தைச் சுற்றிவந்தது. எண்பது பற்றிய உறுதியை இரண்டாவது வளைவு வரை காப்பாற்றினேன். முதலில் தனியாகப் போன அந்தச் சுற்றைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. வண்டி வளைந்தது, டயர் தரையைப் பிடித்தது, பட்டுச்சேலையை உதறி மடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. இறங்கியபோது முகமெல்லாம் ஈரமாக இருந்தது. தலைக்கவசத்தின் புழுக்கம் என்று அம்சாவிடம் சொன்னேன்.

வெங்கடேசனுக்குப் பொறுமையில்லை, திங்கள் வரை காத்திருக்காமல் விசாரித்துக்கொண்டு தடத்துக்கே வந்துவிட்டார். கட்சியில் பொறுப்பிலிருப்பவர் அல்லவா, நேராகப் பின்கதவைத் திறந்தார். "முன்னாடி குந்துங்க" என்றேன். தங்கள் விற்பனை நலனைக் கருதித்தான் ஏற்றிக்கொண்டேன். நேர்ப்பாதையில் ஏசி நன்றாக இருக்கிறது என்றார். முதல் வளைவில் பேச்சு நின்றது. மூன்றாவதில் தன் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார். "எறக்கி வுட்ரு நைனா" என்றார். தடத்தில் நடுவே நிறுத்தக் கூடாது என்பது விதி. சுற்று முடிந்ததும், சூடான டயரை ஆறவைக்க இன்னொரு சுற்று மெதுவாகப் போயே ஆக வேண்டும் என்பதும் விதி. டயர் ஆறியது. அவர் ஆறவில்லை. "வண்டி நல்ல வண்டிதான், நமக்குத் தோதுப்படாது" என்று சொல்லிவிட்டு, எங்களோடு வர மறுத்து, ஸ்ரீபெரும்புதூர் போய் பஸ் ஏறிக்கொண்டார்.

ஆகையால் வண்டி விற்கவில்லை. வளைவெல்லாம் பெரும்பாலும் வலப்பக்கம் என்பதால் இடதுபக்க டயர்கள் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன. மற்றவை இன்னும் பல பேரைத் தாங்கும். தாங்கள் கவலைப்பட வேண்டாம். ஐயம்பேட்டை துளசி டீச்சர் வண்டியைப் பார்க்கலாமா என்று இன்று காலை போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் காட்டுவது என்று சொல்லி, வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறேன்.